பாவுகல் தாழ்வதேன்?

உத்திரமேரூர் வட்டாரத்துக் கிராமங்களில் பழைய வீடு ஒன்றினுள் நுழைவோர், தெருவாசற்படியைக் கடந்ததும் கற்களின் மீதே நடந்து செல்கின்றனர். நடுமுற்றத்தில் கருங்கற் பலகைகள். தாழ்வாரத்தில் கடப்பைக் கற்கள். கொல்லையில் கிணற்றடியிலும் துவைகல்லைச் சுற்றிலும் கையிற் கிடைத்த துண்டுக் கற்கள். புதிதாகக் கட்டப்பெறும் வீடுகளின் வாசலில், ‘பேவர் பிளாக்’ என்று ஜனங்கள் சொல்லும் சிமெண்டுக் கற்கள் பாவப்படுகின்றன. கல் எதுவாயினும், ஒரு நாள் அவற்றுள் ஒன்று தாழ்கிறது. அல்லது ஆடத் தொடங்குகிறது. வீட்டார் சில நாட்களில் அதற்குப் பழகிவிடுகின்றனர். எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கலாகாது என்பதை அவர்களுடைய கால்களே கற்றுக்கொள்கின்றன. அந்தக் கல்லில் இடறுவோர் இருவர்: அதை அறியாத விருந்தினர் ஒருவர், அறிந்திருந்தும் கண் பார்வை மங்கிய பாட்டியார் மற்றொருவர்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுவதனால் உயிரிழக்கின்றனர். அவர்களுள் 100க்கு 80 பேருக்கு மேற்பட்டோர் குறைந்த வருவாயோ நடுத்தர வருவாயோ உடைய நாடுகளைச் சேர்ந்தவர்கள். 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். இவை யாவும் முற்றத்துக் கல்லால் நேர்ந்தவை அல்ல என்பது வெளிப்படை. ஆயினும் முதியவர் ஒருவருக்கு இடுப்பெலும்பு முறியுமானால், அந்தக் குடும்பத்தின் ஓராண்டு விளைச்சல் வைத்தியத்துக்கே போய்விடக்கூடும். ஒரு கல்லை எடுத்து மீண்டும் வைப்பதற்கோ இருவருடைய அரை நாள் உழைப்பும் சில கூடை மண்ணும் போதும்.

இந்த வேலையை எப்படிச் செய்யலாகாது என்பதை முதலில் கூறிவிடுகிறோம். ஏனெனில் அதை நாமே செய்து பார்த்திருக்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டு முற்றத்தில் ஒரு கல் இரண்டு விரற்கடை தாழ்ந்தபோது, அதன்மேல் சிமெண்டுக் கலவையைப் பூசி மட்டமாக்கினோம். பார்வைக்கு அழகாகவே இருந்தது. ஐப்பசி மழை ஓய்வதற்குள் அந்தப் பூச்சு அப்பளம்போல் பெயர்ந்து வந்தது. அடியிலிருந்த கல் மேலும் அரை அங்குலம் இறங்கியிருந்தது. குற்றம் கல்லின் மேற்புறத்தில் இல்லை, அதன் அடியில் இருக்கிறது என்ற பாடத்தை அரை மூட்டை சிமெண்டு கொடுத்துக் கற்றோம்.

குற்றவாளி கல் அன்று

கருங்கல் தேய்வது மிக மெதுவாகவே நிகழும். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற குடவோலை முறைக் கல்வெட்டுக்களை இன்றும் எழுத்தெழுத்தாகக் காணலாம். பதினொரு நூற்றாண்டுக் காற்றும் மழையும் உளியின் வடுவைக்கூட அழிக்கவில்லை. சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் பகுதிக் குன்றுகளில் கிடைக்கும் கருங்கல் இனத்துக்கு ‘சார்னோக்கைட்’ என்பது பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைமீது கிடத்தப்பட்டுள்ள பலகை அந்த இனத்தைச் சேர்ந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து என்பவர் அதை ஆராய்ந்து, கல்லறைக்கு உரியவர் பெயரையே கல்லுக்கும் சூட்டினார். நம் பக்கத்துக் கல்லுக்கு உலகப் புத்தகங்களில் ஒரு கல்லறையின் பெயர் அமைந்தது வேடிக்கையே. அது நிற்க, இத்தகைய கல் ஓர் அங்குலம் தாழ்ந்தது என்றால், கல் குறையவில்லை, அதைத் தாங்கிய மண் குறைந்தது என்பதே பொருள்.

மண் எவ்வாறு குறைகிறது? பெரும்பாலும் நீரினால். காஞ்சிபுரம் மாவட்டம் ஏரிகள் நிறைந்த மாவட்டம். ஏரியை ஒட்டியும் நன்செய்யை ஒட்டியும் உள்ள ஊர்களில் களிமண் மிகுதி. களிமண் மழைக்காலத்தில் உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். ஆண்டுதோறும் இவ்வாறு உப்பியும் சுருங்கியும் வரும் மண்ணின்மீது கிடக்கும் கல், ஒருபுறம் ஏறி மறுபுறம் இறங்கிவிடுகிறது. மணற்பாங்கான இடங்களிலோ வேறு விதம். இறவாரத்திலிருந்து சொட்டும் மழைநீர் கற்களின் இடுக்கு வழியே இறங்கி, அடியிலுள்ள நுண்மணலைச் சிறிது சிறிதாகக் கொண்டுபோய்விடுகிறது. மேலே கல் இருப்பதால் உள்ளே தோன்றும் பொந்து கண்ணுக்குத் தெரிவதில்லை.

இக்காலத்தில் மற்றொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டில் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ்க் கிராமங்களில் வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் வந்துள்ளது. மிகவும் நல்லதே. ஆனால், குழாய்க்காகத் தோண்டிய பள்ளத்தை ஒரே மூச்சில் மண் தள்ளி மூடி, காலால் நான்கு மிதி மிதித்துக் கல்லை மேலே வைத்துவிட்டால், அடுத்த மழையில் அந்தப் பள்ளம் முழு நீளத்துக்கும் இறங்கும். வீட்டு வாசலில் கற்கள் ஒரே நேர்கோட்டில் தாழ்ந்திருக்கக் கண்டால், கீழே குழாய் ஓடுகிறது என்று ஊகிக்கலாம். அந்தக் கோட்டில் ஓரிடம் மட்டும் எப்போதும் ஈரமாக இருப்பின் குழாய் கசிகிறது. கசிவை அடைக்காமல் கல்லைத் தூக்கி வைப்பது வீண் வேலை.

உயிர்களும் மண்ணைக் கிளறுகின்றன. பெருச்சாளி தோண்டும் வளையை யாவரும் அறிவர். இங்கிலாந்தில் விஞ்ஞானி டார்வின், மண்புழுக்களைப் பற்றி 1881இல் ஒரு தனி நூலே வெளியிட்டார். 1843இல் அவர் வீட்டில் பாவப்பட்ட ஒரு கல் நடைபாதை, 1877இல் தோண்டிப் பார்த்தபோது ஓர் அங்குல மண்ணுக்கடியில் ஒழுங்காகக் கிடந்ததாம். புழுக்கள் நாள்தோறும் வெளியே தள்ளிய மண்ணே அதை மூடியது. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு நடைபாதையைக் கவனித்த பொறுமை நமக்கு வேண்டியதில்லை. ஆண்டுக்கொரு முறை முற்றத்தைக் கவனித்தால் போதும்.

சாலை போடும் கலையில் பெயர் பெற்ற மெக்காடம் (1756–1836) என்ற ஸ்காட்லாந்துக்காரர் வற்புறுத்திய உண்மை ஒன்றுண்டு. வண்டியின் பாரத்தை முடிவில் தாங்குவது மேலே கிடக்கும் கல் அன்று, கீழுள்ள இயற்கை மண்ணே. அந்த மண் ஈரமின்றி இருக்கும்வரை எந்தப் பாரத்தையும் தாங்கும் என்பதே அது. நம் முற்றத்துக்கும் இது முற்றிலும் பொருந்தும்.

எடுப்பதற்கு முன்

முற்றத்தில் ஒரு குடம் நீரை ஊற்றி, அது எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு கடப்பாரையின் தலைப்பால் ஒவ்வொரு கல்லையும் மெல்லத் தட்ட வேண்டும். நன்கு அமர்ந்த கல் ‘டக்’ என்று கெட்டியாக ஒலிக்கும். அடியில் பொந்துள்ள கல் பானையைத் தட்டினாற்போல் ஒலிக்கும். பார்வைக்கு மட்டமாகத் தோன்றும் கல்லும் சில சமயம் இவ்வாறு ஒலிக்கக் காணலாம். மெல்லிய கடப்பைக் கல்லாயின் அது விரைவில் உடையும் என்பதற்கு அறிகுறி இது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தாழ்ந்த இடம் கழிப்பறைக் குழியின் அருகிலோ, முன்பு தூர்த்த கிணற்றின் மேலோ இருக்குமாயின், வீட்டார் தாமே கடப்பாரை எடுக்கலாகாது. குழியின் மூடி இற்றுப்போயிருக்கக்கூடும். உள்ளே நச்சுவாயு தேங்கியிருக்கும். குழந்தைகளை அப்பால் நிறுத்தி, சுற்றிலும் முள்ளோ கயிறோ கட்டிவிட்டு, ஊராட்சி அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பார்த்து வருவதற்காக ஒருவரைக் குழிக்குள் இறக்குவது கொலைக்கு ஒப்பாகும். மனிதரைக்கொண்டு மலக்குழிகளை ஆபத்தான முறையில் துப்புரவு செய்விப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது.

காலம் பார்ப்பதும் அவசியம். நம் மாவட்டத்தில் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், அதாவது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்வது. அப்போது மண் சேறாக இருக்கும், இடித்தால் இறுகாது. சித்திரை வெயிலிலோ களிமண் முழுதும் சுருங்கியிருக்கும். அந்நிலையில் கல்லை மட்டமாக வைத்தால் மழையில் மேலே எழும்பும். தை, மாசி மாதங்களே ஏற்றவை. அறுவடை முடிந்து கையும் சற்று ஓய்ந்திருக்கும்.

கல்லைத் தூக்குதல்

தாழ்ந்த கல்லை மட்டும் எடுப்பது பயன் தராது. அதனைச் சுற்றியுள்ள கற்களின் அடிமண்ணும் தளர்ந்தே இருக்குமாதலால், நாற்புறமும் ஒரு வரிசை சேர்த்து எடுக்க வேண்டும். எடுக்குமுன் சுண்ணாம்புக் கட்டியால் கற்களுக்கு எண் இட்டு, எப்பக்கம் தெற்கு என்று ஒரு கோடும் கிழிப்பது நல்லது. கைக்கல் பாவிய முற்றங்களில் இரண்டு கற்கள் ஒரே அளவாக இரா. எண் இடாமல் எடுத்தவர்கள் மாலைவரை கல்லுக்கு இடம் தேடிக்கொண்டிருந்ததை நாம் கண்டிருக்கிறோம்.

இடுக்கிலுள்ள மண்ணையும் புல்லையும் பழைய அரிவாள் முனையால் சுரண்டி எடுத்துவிட்டால் கல் எளிதில் விடும். இரண்டடிச் சதுரமும் இரண்டு அங்குலக் கனமும் உள்ள கருங்கற் பலகை ஏறத்தாழ 50 கிலோ எடை இருக்கும். ஓர் அங்குலக் கனமுள்ள கடப்பைக் கல்லும் 25 கிலோவுக்குக் குறையாது. ஒருவராகத் தூக்கலாகாது. கடப்பாரையை ஓரத்தில் செருகி, அதன் கீழே ஒரு மரக்கட்டையை அண்டை கொடுத்து அழுத்தினால், கல்லின் ஒரு பக்கம் எழும்பும். ஒரு விரற்கடை எழும்பியவுடன் செங்கல் துண்டு ஒன்றைக் குச்சியால் தள்ளிச் செருகிவிட்டு, விலகி நிற்க வேண்டும். கல்லின் அடியில் ஒருபோதும் கை நுழைக்கலாகாது. விரல் நசுங்குவது ஒரு காரணம். மற்றொன்று, நம் பக்கத்தில் பெயர்ந்த கல்லின் அடியில் தேள் இருப்பது சாதாரணம்; பொந்து பெரிதானால் பாம்பும் இருக்கும். நீண்ட குச்சியால் தட்டி, சற்றுப் பொறுத்துப் பார்த்த பிறகே மேலே தூக்க வேண்டும். அப்பால் கொண்டுபோவதற்கு இரண்டு உருட்டுக் கழிகளைக் கீழே வைத்து உருட்டினால் முதுகு தப்பும்.

படுக்கை அமைத்தல்

வேலையின் உயிர்நிலை இதுவே. அவசரப்படுவோர் பலரும் இங்கேதான் தவறுகின்றனர். கல்லை எடுத்ததும் அந்தக் குழியில் மணலைக் கொட்டி நிரப்பிக் கல்லை வைத்துவிட வேண்டும் என்றே கை பரபரக்கும். அவ்வாறு வைத்த கல் ஆறு மாதம் இருக்கும்.

முதலில் நொய்ந்த மண், வேர், கறையான் புற்று, குப்பை யாவற்றையும் கெட்டித் தரை தென்படும்வரை வெட்டி அகற்ற வேண்டும். பொதுவாக ஆறு அங்குலம் போதும். குழாய்ப் பள்ளமாயின் இன்னும் ஆழம் போகவேண்டி வரலாம். வளை இருந்தால் அது போகும் வழியெல்லாம் தோண்டி, உடைத்த செங்கல்லும் மண்ணும் இட்டு இடித்து அடைக்க வேண்டும். வாயை மட்டும் அடைத்தால் பெருச்சாளி மறுநாளே வேறு வாசல் திறக்கும்.

பிறகு சரளை மண்ணை மூன்று அங்குலத்துக்கு மேற்படாத அடுக்காகப் பரப்பி, நீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். சரளை கிடைக்காவிடில் உடைந்த செங்கல்லும் செம்மண்ணும் கலந்து இடலாம். வெட்டி எடுத்த களிமண்ணைத் திரும்ப இடுவது கூடாது. நீர் எவ்வளவு தெளிப்பது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்து இறுகப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் நீர் கசியலாகாது. காய்ந்த மண்ணும் இறுகாது; சேறும் இறுகாது. இடிக்கும்போது தொடக்கத்தில் ‘தொப்’ என்ற ஓசை வரும். அது மாறி, திமிசு தெறித்து எழும்புமளவு கெட்டியான ஓசை வந்தால் அந்த அடுக்கு முடிந்தது, அடுத்ததைப் போடலாம். பன்னிரண்டு அங்குலப் பள்ளத்தை ஒரேயடியாக நிரப்பி மேலே எவ்வளவு இடித்தாலும், இறுகுவது மேல் நான்கு அங்குலமே. அடியில் உள்ளது அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

இவ்வாறு இறுகிய தளத்தின்மேல் ஒன்று அல்லது ஒன்றரை அங்குலத்துக்கு மணற் படுக்கை வேண்டும். முன்னாளில் பாலாறு, செய்யாறு மணலை வண்டியில் கொண்டுவந்து கொட்டிக்கொள்வார்கள். இந்நாளில் ஆற்று மணல் எடுப்பதற்குக் கட்டுப்பாடுகள் உள்ளன. கல்லுடைக்கும் ஆலைகளில் கிடைக்கும் கல்தூளே இந்த வேலைக்குப் போதுமானது. அதன் துகள்கள் கூர்மையானவை. ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு நகராமல் நிற்கும். ஒரே பருமனுள்ள இரண்டு இரும்புக் குழாய்களை இருபுறமும் கிடத்தி, அவற்றின்மேல் நேரான மட்டப்பலகையை இழுத்தால் படுக்கை சீராக அமையும். அதன்பின் அதன்மேல் மிதிக்கலாகாது. கோழிகளையும் கவிழ்த்து வைப்பது நலம்.

முற்றம் முழு மட்டமாக இருக்க வேண்டும் என்று எண்ணுவது தவறு. வீட்டுச் சுவரிலிருந்து அப்பால் நோக்கி, ஒரு மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை சரிவு இருக்க வேண்டும். நடப்பவருக்கு அது தெரியாது; நீருக்குத் தெரியும். சுவரோரம் ஒரு முளையும் வடிகாலோரம் ஒரு முளையும் அடித்து, அந்தச் சரிவுக்குக் கயிறு கட்டி, கயிற்றையொட்டிக் கல்லை வைக்க வேண்டும். ஒவ்வொரு கல்லும் கயிற்றுக்குமேல் இரண்டு ரூபாய் நாணயங்களின் கனம் உயர்ந்திருக்கட்டும். மரக்கட்டையை மேலே வைத்துச் சுத்தியால் மெல்லத் தட்டத் தட்ட அது தன் இடத்துக்கு இறங்கும். ஒரு மூலையில் நின்றால் எதிர்மூலை ஆடுமாயின், தட்டிப் பயனில்லை. கல்லை எடுத்து, குறையுள்ள இடத்தில் ஒரு பிடி கல்தூள் இட்டு மீண்டும் வைக்க வேண்டும். நல்ல கொத்தனார்களும் ஒரு கல்லை இரண்டு மூன்று முறை எடுத்து வைப்பதுண்டு. அதில் வெட்கம் இல்லை.

இடுக்கு நிரப்புதல்

திறந்த முற்றத்தில் இடுக்குகளை உலர்ந்த மணலாலேயே நிரப்புவது நம் கருத்தில் சிறந்தது. துடைப்பத்தால் வாரித் தள்ளி, நீர் தெளித்து, இறங்கியபின் மறுபடியும் தள்ள வேண்டும். சிமெண்டு இட்டு இறுக்கிவிட்டால் உறுதி அன்றோ என்று பலர் கேட்பர். உறுதிதான்; ஆனால் பின்னொரு நாள் ஒரு கல் தாழ்ந்தால் அதை உடைத்தே எடுக்க நேரும். கிணற்றடியும் துவைகல்லைச் சுற்றிய இடமும் இதற்கு விலக்கு. அங்கே நாள் முழுதும் நீர் விழுவதால், சிமெண்டு ஒரு பங்கும் மணல் ஆறு பங்கும் கொண்ட கலவையின்மேல் கல்லை வைத்து, இடுக்குகளுக்கு ஒன்றுக்கு மூன்று என்ற கலவை இட்டு, ஏழு நாள் ஈரம் காயாமல் காக்க வேண்டும்.

சிமெண்டுப் பாவுகற்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: அவை ஒன்றையொன்று நெருக்கி நிற்பதனாலேயே உறுதி பெறுகின்றன. ஓரத்தில் கட்டைச்சுவர் இல்லாவிடில் கடைசி வரிசை விலகும். பிறகு யாவும் விலகும்.

தேய்ந்து வழுவழுப்பான கருங்கல்லை அகற்ற வேண்டியதில்லை. மறுபுறம் சமமாக இருந்தால் திருப்பிப் போடலாம். இல்லையேல், அம்மி பொளிபவர் ஊருக்கு வரும்போது அவரைக்கொண்டே கல்லையும் பொளியச் செய்யலாம். மழைநாளில் கால் வழுக்காது.

நீருக்கு வழி

கல் சரியாகிவிட்டது. நீர் முன்போலவே அங்கு வந்து விழுமாயின் அடுத்த ஆண்டும் இதே வேலை காத்திருக்கும். இறவாரத்தின் நேர் கீழே ஒரு முழ அகலத்துக்கு ஜல்லி பரப்பினால், சொட்டும் நீர் மண்ணை அரிக்காது. சமையலறை நீரை வாழைக்கோ சேம்புக்கோ திருப்பலாம். தோட்டம் இல்லாதார் ஒரு மீட்டர் நீள அகல ஆழமுள்ள உறிஞ்சுகுழி வெட்டி, உடைகல்லால் நிரப்பலாம். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இதனை யாவரும் செய்தல் வேண்டும். ஆயினும் உறிஞ்சுகுழியையும் மழைநீர்க் குழியையும் சுவரை ஒட்டி வெட்டலாகாது. மூன்று மீட்டராவது தள்ளி அமைத்தால், குழியின் ஈரம் சுவரின் அடிமண்ணையும் முற்றத்துக் கற்களின் அடிமண்ணையும் தீண்டாது. உறிஞ்சுகுழியின் அழுக்கு நீர் குடிநீர்க் கிணற்றை அணுகாதவாறும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சில வீடுகளில் நீர் தெருவிலிருந்தே வருகிறது. பழைய தளத்தின்மேலேயே புதிய தளம் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, வீட்டு வாசல் பள்ளமாகிவிட்டதே காரணம். இதனை ஒரு வீட்டார் தனியே தீர்க்க இயலாது. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, உத்திரமேரூர்ச் சபையில் ஏரி வாரியத்துக்கு மட்டும் ஆறு பேரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்க விதி வகுத்திருக்கிறது. நீரைப் பற்றிய காரியம் பலர் கூடிச் செய்ய வேண்டியது என்பதை அவ்வூரார் அன்றே அறிந்திருந்தனர். நம் கிராமங்களில் கிராமசபை கூடுகிறது. தெருவுக்குத் தளம் போடுமுன் பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும் என்றும், தெருவின் மட்டம் வாசற்படிக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும் அங்கே கேட்டுத் தீர்மானத்தில் எழுதச் செய்ய வேண்டும். தளம் போட்ட பிறகு முறையிடுவதைவிடப் போடுமுன் கேட்பது எளிது.

செப்பனிட்ட முதல் மாதத்தில் இடுக்கு மணல் சிறிது இறங்கும். மீண்டும் ஒருமுறை துடைப்பத்தால் தள்ளிவிட வேண்டும். ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்யும்போது, குடையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றிப் பார்த்து, நீர் தேங்கும் கல் எதுவென்று குறித்துக்கொண்டு, மழை விட்டதும் அதன்மேல் சுண்ணாம்பால் ஒரு புள்ளி இட்டு வைக்கலாம். தை பிறந்ததும் அந்தக் கல்லை எடுத்துப் பார்க்கலாம்.